படத்தின் மேல் விழுந்த பழி

ராஜபாளையத்து ஏற்றுமதிக்காரர்களுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளுக்கும் விளம்பர மெயில் தயாரித்து அனுப்பிக் கொடுப்பது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் இதில்தான் சாப்பிடுகிறேன். புதிதாக வருகிற முதலாளி யாரானாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "தம்பி, படம் வச்சா மெயில் ஸ்பேம்ல விழுந்துருமாமே. படத்தை எடுத்துட்டு அனுப்புவோமா?"

எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். படம் இருக்கிற ஒரே காரணத்துக்காக ஸ்பேமுக்குப் போன மெயிலை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். மாட்டிக்கொண்ட மெயிலைப் பிரித்துப் பார்த்தால் படம் குடியிருக்கிற இடம் சரியில்லாமல் இருக்கும். அனுப்புகிற பெயருக்கு அத்தாட்சி இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். கண்ணுக்கு முதலில் தெரிவது படம் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அங்கே நெய்வது பெரும்பாலும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். வெளுத்து, வெட்டி, சுருட்டி, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற சரக்கு. 2000-களின் தொடக்கத்தில் அந்தச் சரக்கை வெளிநாட்டுப் பையருக்குக் காட்ட வேண்டுமென்றால் கேட்லாக்கை ஸ்கேன் செய்து மெயிலோடு இணைத்து அனுப்புவோம். டயல்-அப் காலம். 2 எம்.பி. கோப்பு ஏறி முடியப் பத்து நிமிஷமாவது ஆகும். நடுவில் போன் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. பையரின் மெயில்பெட்டியும் சின்னது. நம் கேட்லாக்கே அதை அடைத்துக்கொண்டு, பின்னால் வருகிற கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த அவஸ்தை தாங்காமல்தான் படங்களைக் கம்பெனி வெப்சைட்டில் வைத்துவிட்டு, மெயிலில் அவற்றின் முகவரியை மட்டும் கொடுக்கும் முறைக்கு மாறினோம். மெயில் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. திறக்கும்போது படம் வெப்சைட்டிலிருந்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நிம்மதி அதிக நாள் நிலைக்கவில்லை. அவுட்லுக் 2003 வந்தபோது வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாக இறக்காமல் நிறுத்தி வைத்தது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஸ்பேம் அனுப்புகிறவர்கள் ஒரு புள்ளி அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத படத்தை மெயிலில் செருகி, அது எப்போது இறக்கப்படுகிறது என்று தங்கள் சர்வரில் கவனித்தார்கள். இறக்கப்பட்டால் அந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பின் அவருக்கு ஸ்பேம் இரட்டிப்பாகும். அதைத் தடுக்கப் போட்ட வேலியில் எங்கள் பேண்டேஜ் ரோலும் சிக்கியது. ஜெர்மனியில் இருந்த பையர் ஒருவர் தன் திரையை அப்படியே படமெடுத்து அனுப்பியிருந்தார். எங்கள் அழகான கேட்லாக் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட காலிக் கட்டங்கள் வரிசையாக நின்றன.

படம் ஒன்றுகூட இறங்காவிட்டாலும் மெயில் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது. துணியின் அகலம், அங்குலத்துக்கு எத்தனை இழை, 10 × 10 சென்டிமீட்டர் மடிப்பு 8 பிளையா 12 பிளையா, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, எல்லாமே எழுத்தாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று வரி ஒன்று எழுத வேண்டும். படம் வராத கட்டத்துக்குள் அந்த வரி தெரியும். 'படம் 1' என்று எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'வெளுத்த காஸ் ரோல், 90 செ.மீ. அகலம்' என்று எழுதினால் படம் வராமலே பையருக்கு விஷயம் போய்விடும். நீள அகலத்தையும் குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படம் வராத மெயில் குலைந்துபோகும். அவுட்லுக் 2007-இல் மெயிலைக் காட்டும் வேலையை வேர்டு மென்பொருளின் இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அது பின்னணிப் படத்தைக் காட்டாது. கருநீலப் படத்தின் மேல் வெள்ளை எழுத்தில் விலை போட்டிருந்தவர்களுக்கு வெள்ளை மேல் வெள்ளையாக எல்லாம் மறைந்தது. படத்துக்குக் கீழே அதே நிறத்தைத் தளமாகவும் போட்டுவிடுவது அப்போது வந்த வழக்கம். இன்றும் விடவில்லை.

2006-ஐ இந்தத் தொழிலில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதுவரை வடிகட்டிகள் சொற்களைப் படித்துத்தான் ஸ்பேமைப் பிடித்தன. 2002-இல் பால் கிரஹாம் என்ற நிரலாளர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, எந்தச் சொல் ஸ்பேமில் அதிகம் வருகிறது, எந்தச் சொல் நல்ல கடிதத்தில் வருகிறது என்று கணக்குப் போட்டுப் பிரிக்கும் முறை எங்கும் பரவியிருந்தது. அதிலிருந்து தப்ப ஸ்பேம்காரர்கள் சொல்ல வேண்டியதை எல்லாம் ஜிஃப் படமாக்கிவிட்டார்கள். ஒன்றுக்கும் உதவாத பங்குகளை வாங்கச் சொல்லும் விளம்பரங்கள் படமாக வந்து குவிந்தன. படிக்கச் சொல்லே இல்லாதபோது வடிகட்டி என்ன செய்யும்? படம் பெரிதாகவும் எழுத்து கொஞ்சமாகவும் இருந்தால் சந்தேகப்படு என்று அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்பேம் அசாசின் என்ற இலவச மென்பொருளை அன்றைக்குப் பல ஹோஸ்டிங் கம்பெனிகள் வைத்திருந்தன. அது ஒவ்வொரு குறைக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்தும். படத்தோடு சேர்ந்த எழுத்து 400 பைட்டுக்குள் இருந்தால் அதற்கென்றே ஒரு விதி உண்டு. மெயிலின் தலைப்பகுதியில் அந்த மதிப்பெண் பட்டியல் ஒளிந்திருக்கும். முதலாளிகளிடம் வாதாடுவதைவிட அதைத் திறந்து காட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இந்த விதியில் எங்கள் வட்டாரம் மற்றவர்களைவிட அதிகமாக அடிபட்டது. காரணம் சிவகாசி. அரை மணி, முக்கால் மணிப் பயணத்தில் நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கிற ஊர் இருக்கும்போது விளம்பரத்தை வேறு யாரிடம் கொடுப்போம்? அங்கே இருக்கும் டிசைனர்கள் கோரல் டிராவில் வித்தை காட்டுவார்கள். சுவரொட்டிக்குச் செய்கிற மாதிரியே மெயிலுக்கும் படம், எழுத்து, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே ஜேபெக்காக உருக்கிக் கொடுத்துவிடுவார்கள். தமிழ் எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கிறுக்கலாகத் தெரியும், அதனால் தமிழை எப்போதும் படமாக்கியே அனுப்பிப் பழகியிருந்தார்கள். யூனிகோடு வந்து வருஷங்கள் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு டிசைனர் தம்பியோடு உட்கார்ந்து அவருடைய அழகான தீபாவளி விளம்பரத்தைக் கீறிப் பிரித்தது ஞாபகம் இருக்கிறது. பால்கோவாப் படம் தனி, கடையின் பெயர் யூனிகோடு எழுத்தில் தனி, விலை தனி, ஆர்டர் செய்யும் இணைப்பு தனி. "அண்ணே, அழகே போச்சே" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. அந்த எழுத்துக்களை இழைத்து இழைத்துச் செய்திருந்தார். ஆனாலும் பிரித்து அனுப்பியது இன்பாக்ஸில் விழுந்தது, உருக்கி அனுப்பியது ஸ்பேமில் விழுந்தது. இரண்டையும் எங்கள் சோதனை முகவரிகளுக்கு அனுப்பி அவர் கண்ணாலேயே பார்க்க வைத்தேன்.

அடுத்து, படம் எங்கே குடியிருக்கிறது என்கிற விவகாரம். மெயிலில் இருக்கிற ஒவ்வொரு இணைப்பின் டொமைனையும் வடிகட்டிகள் கறுப்புப் பட்டியல்களோடு ஒப்பிடும். 1998-இல் தொடங்கிய ஸ்பேம்ஹாஸ் என்ற அமைப்பு இப்படிப்பட்ட பட்டியல்களை வைத்திருக்கிறது. ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் எண்களுக்கு ஒரு பட்டியல், ஸ்பேமில் தென்படும் டொமைன்களுக்கு இன்னொரு பட்டியல். செலவை மிச்சப்படுத்த இலவசப் படக் களஞ்சியத்தில் படத்தை ஏற்றி அங்கிருந்து இணைப்புக் கொடுப்பார்கள் சிலர். உலகத்தில் இருக்கிற மோசடிக்காரனும் அதே இலவசக் களஞ்சியத்தில்தான் படம் வைத்திருப்பான், அவன் சம்பாதித்த கெட்ட பெயர் நம் பால்கோவாவையும் பிடிக்கும். இணைப்பைச் சுருக்கித் தரும் சேவைகளும் அப்படித்தான். உள்ளே எங்கே போகிறது என்று மறைக்கிற எதையும் வடிகட்டி நம்பாது. எனவே என்னிடம் வருகிற எல்லோருக்கும் கம்பெனி டொமைனுக்கு உள்ளேயே 'படம்' என்று ஒரு கிளை ஏற்படுத்தி, பாதுகாப்புச் சான்றிதழ் போட்டு, அதில்தான் வைப்பேன். அனுப்புகிற முகவரி, படத்தின் முகவரி, வாங்குபவர் அழுத்தும் இணைப்பு ஆகிய மூன்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

படத்தை மெயிலுக்குள்ளேயே எழுத்து வடிவில் திணித்துவிடலாமே என்று இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஜிமெயில் அதைக் காட்டாது. மெயிலின் உடலும் ஊதிவிடும். 102 கேபி தாண்டினால் ஜிமெயில் வாலை வெட்டிவிடும். வெட்டுப்படுகிற வாலில்தான் பெரும்பாலும் 'இனி வேண்டாம்' என்கிற இணைப்பு இருக்கும்.

2013 டிசம்பரில் ஜிமெயில் ஒரு பெரிய மாற்றம் செய்தது. வெளிப்படங்களைத் தன் சொந்த சர்வர் வழியாக இறக்கி, சோதித்து, யாரையும் கேட்காமலே காட்டத் தொடங்கியது. பத்து வருஷம் காலிக் கட்டத்தோடு போராடியவர்களுக்கு அது திருவிழா. கூடவே சில தொல்லைகளும் வந்தன. ஹோஸ்டிங்கில் 'வேறு தளம் என் படத்தை எடுக்கக் கூடாது' என்றொரு பூட்டு உண்டு. அதைப் போட்டு வைத்திருந்தவர்களின் படத்தைக் கூகுள் சர்வராலும் எடுக்க முடியவில்லை. படம் உடைந்து தெரிந்தது. கடைக்காரர் ஜிமெயிலைத் திட்டினார், பூட்டு அவர் தளத்தில் இருந்தது. இன்னொன்று, கூகுள் ஒருமுறை இறக்கிய படத்தைத் தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி மெயில் போன பிறகு விலை தப்பு என்று அதே பெயரில் படத்தை மாற்றி வைத்தாலும், பார்க்கிறவருக்குப் பழைய விலையே தெரியலாம். விலையைப் படத்தில் எழுதாதீர்கள் என்று நான் மன்றாடுவதற்கு இது இரண்டாவது காரணம்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்கிற கணக்கும் அதே புள்ளிப் படத்தை வைத்துத்தான். 2021 செப்டம்பரில் ஆப்பிள், ஐபோன் மெயிலில் படங்களை ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் முன்கூட்டியே இறக்கிவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் ஒருவர் மகிழ்ச்சியோடு போன் செய்தார்: "தம்பி, இந்தத் தடவை பாதிக்கு மேல தொறந்திருக்காங்க!" ஆர்டர் எத்தனை வந்தது அண்ணாச்சி என்றேன். வழக்கம்போலத்தான் என்றார். அன்றிலிருந்து எங்கள் அறிக்கையில் திறந்தவர் கணக்கைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டு, ஆர்டரையும் பதில் கடிதத்தையும் முதலில் வைத்தோம். கணக்குக் கிடைக்கிறது என்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத படங்களை இரண்டு மூன்று சேவைகளுக்கென்று அடுக்குவதையும் நிறுத்திவிட்டேன்.

எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று பெயர்களை இன்று எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். முதலாவது, இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்கிற பட்டியல். இரண்டாவது, மெயில் வழியில் திருத்தப்படவில்லை என்பதற்கான மறைகுறிக் கையெழுத்து. மூன்றாவது, இந்தச் சோதனைகளில் தேறாமல் நம் பெயரைப் போட்டுக்கொண்டு வருகிற மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று உலகத்துக்கு நாம் சொல்லி வைக்கும் ஆணை. தொழில்நுட்பமாக இவற்றைப் போடுவது ஒரு மத்தியான வேலை. நடைமுறையில் வாரக்கணக்காகும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று தேடுவதிலேயே நாள் போய்விடும். வெப்சைட் செய்து கொடுத்த பையன் சென்னைக்குப் போயிருப்பான், பாஸ்வேர்டு அவனோடு போயிருக்கும், டொமைன் அவன் மெயிலில் பதிவாகியிருக்கும். பஞ்சு மார்க்கெட் பக்கம் தலைமுறையாகத் தொழில் செய்கிற குடும்பங்கள், கட்டடப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள், டொமைனை மட்டும் இப்படி விட்டிருப்பார்கள். அதை மீட்டுக் கையில் கொடுப்பதை என் வேலையில் முதல் வேலையாக வைத்திருக்கிறேன். அதற்கடுத்து ஆபீஸ் மெயில், விளம்பர மெயில், வெப்சைட் படிவம், பில் அனுப்பும் மென்பொருள் என்று யார் யாரெல்லாம் இந்தப் பெயரில் அனுப்புகிறார்கள் என்று எழுதிப் பார்க்க வேண்டும். எஸ்.பி.எஃப். பதிவு 10 தேடலுக்கு மேல் போனால் செல்லாது. பட்டியலை நீட்டிக்கொண்டே போக முடியாது.

இத்தனையும் சரியாக இருந்தும் மெயில் விழுந்தால் காரணம் முகவரிப் பட்டியல்தான். ஒரு காலத்தில் லட்சக்கணக்கான முகவரிகளை சி.டி.யில் போட்டு விற்றார்கள், இப்போது எக்செல் கோப்பாக விற்கிறார்கள். ஏற்றுமதி செய்கிற முதலாளி ஒருவர் நான் எவ்வளவோ சொல்லியும் அப்படி ஒன்றை வாங்கி, உலகத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் கேட்லாக் அனுப்பினார். அந்தப் பட்டியல்களில் யாருமே பயன்படுத்தாத முகவரிகள் பொறியாகக் கலந்திருக்கும். அவற்றுக்கு அனுப்பியவர் வாங்கிய பட்டியலை வைத்திருக்கிறார் என்று கண்காணிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். டொமைன் கறுப்புப் பட்டியலுக்குப் போனது. விளம்பரம் வீணானதைவிடக் கொடுமை அடுத்த வாரம் நடந்தது. வருஷக்கணக்காகச் சரக்கு எடுத்த பையர் கேட்ட கொட்டேஷன், படமே இல்லாத சாதாரணக் கடிதம், அவருடைய ஸ்பேம் பெட்டிக்குப் போனது. பதில் வரவில்லை என்று அவர் வேறு இடத்தில் ஆர்டர் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு விளம்பரத்துக்குத் தனிக் கிளை டொமைன், கொட்டேஷனுக்கு முதன்மை டொமைன் என்று பிரித்து வைக்காமல் யாருக்கும் வேலை எடுப்பதில்லை. அந்த முதலாளி இப்போது டசல்டார்ஃபில் நவம்பரில் நடக்கும் மெடிகா கண்காட்சியில் கை குலுக்கி வாங்கிய விசிட்டிங் கார்டுகளுக்கு மட்டும், அதுவும் 'உங்களை இன்ன ஸ்டாலில் சந்தித்தேன்' என்ற முதல் வரியோடு, அனுப்புகிறார். பட்டியல் சிறியது. பதில் வருகிறது.

2020 எங்களுக்குத் தனிச் சோதனை. கொரோனாவைச் சொல்லி வரும் மோசடி மெயில்கள் மட்டும் நாளொன்றுக்கு 1 கோடியே 80 லட்சத்தையும், அது போக 24 கோடி ஸ்பேமையும் தடுப்பதாக அந்த ஏப்ரலில் கூகுள் சொன்னது. மாஸ்க், காஸ், மருத்துவத் துணி, உடனடி சப்ளை என்று எங்கள் கேட்லாக்கில் வழக்கமாக இருக்கிற சொற்களையே மோசடிக்காரர்களும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வடிகட்டிகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. படங்களை எடுத்துவிட்டு, கேட்லாக்கை நிறுத்திவிட்டு, பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பழைய ஆர்டர் எண்ணைக் குறிப்பிட்டு, ஏற்கெனவே நடந்த கடிதப் போக்குவரத்துக்குப் பதிலாகவே எழுதச் சொன்னேன். வேலை அதிகம். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் உட்கார்ந்து அடித்தார்கள். படத்தை எடுக்கச் சொல்லி நானே கேட்டுக்கொண்ட காலம் அது ஒன்றுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் வெளியூருக்குக் கூரியரில் அனுப்பும் கடைகள் என்னிடம் கூடுதலாக வந்தன. பால்கோவா சில நாளில் கெட்டுப்போகிற பண்டம், அதனால் மெயில் சேர வேண்டிய நாளில் சேர வேண்டும். இரண்டு நாள் ஸ்பேமில் கிடந்தால் பண்டிகை முடிந்துவிடும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் கொண்டுவந்த விதிகள் இவர்களைத்தான் நேராகத் தொட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 அளவுக்கு அனுப்பினால் நீங்கள் மொத்தமாக அனுப்புபவர். தீபாவளிக்கு ஒருநாள் அந்த அளவைத் தொட்டால் போதும், அந்தப் பெயர் பிறகு மாறாது. மேலே சொன்ன மூன்று அத்தாட்சியும் இருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி வேண்டும், கேட்டவரை 2 நாளுக்குள் நீக்க வேண்டும், ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர். 2025 மே மாதத்திலிருந்து மைக்ரோசாஃப்டும் மொத்தமாக அனுப்புபவர்களிடம் அத்தாட்சி கேட்கிறது.

விலகும் இணைப்பைப் பெரிதாகப் போடச் சொன்னால் கடைக்காரர்களுக்கு மனசு வராது. "வர்ற ஆளை நாமளே ஏன் தம்பி அனுப்பணும்?" என்பார்கள். அந்த இணைப்பு கண்ணில் படாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். விலகுகிறவரால் நமக்கு ஒரு முகவரி நஷ்டம். புகார் செய்கிறவரால் மற்ற எல்லா முகவரியும் நஷ்டம். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவியில் கடையின் டொமைனைப் பதிவு செய்து, புகார்க் கோடு ஏறி இறங்குவதை வாராவாரம் கடைக்காரரின் போனிலேயே பார்க்க வைத்தேன். இணைப்பை மெயிலின் தலைக்கு ஏற்றியதும் கோடு இறங்கியது. அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

இந்த வருஷம் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. டொமைனும் புதிது, அதற்கென்று ஒரு பெயரும் இன்னும் உண்டாகவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் திடீரென்று ஆயிரக்கணக்கில் அனுப்பினால் எந்த மெயில்பெட்டியும் நம்பாது. ஆடிப்பூரத் தேர் முடிந்த கையோடு, கடையில் பில் போடும்போது மெயில் கொடுத்தவர்களுக்கு மட்டும், அதிலும் போன வருஷம் இரண்டு தடவை வாங்கியவர்களுக்கு முதலில், நாளுக்குச் சில நூறாகத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். மெயிலில் ஒரே ஒரு பால்கோவாப் படம், அதன் கீழே கிலோ விலையும் கூரியர் கிளம்பும் நாளும் எழுத்தில். பதில் போட்டவர்கள் பட்டியலைக் கடைக்காரரின் மகள் நோட்டில் எழுதி வைக்கிறாள். புரட்டாசி பிறக்கும்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் எண்ணிக்கையை ஏற்றுவோம்.